அவர் இளைத்தார், நான் ஏறினேன்

அடுத்த வீட்டுக்காரி புதுப் புடவை வாங்கினால் வருகிற பொறாமைக்கு மருந்து இருக்கிறது. கடைக்குப் போய் நாமும் ஒன்று எடுத்துவிடலாம். அக்கா மாடி வீடு கட்டினால் வருகிற பொறாமைக்குக்கூட, அவள் கட்டப்போகும் வட்டியை நினைத்து ஆறுதல் தேடிக்கொள்ளலாம். கட்டின புருஷன் இளைத்தால் வருகிற பொறாமை இருக்கிறதே, அதற்கு மட்டும் மருந்து கிடையாது. ஒரே குக்கரில் வெந்த சோறு, ஒரே சட்டியில் கொதித்த குழம்பு. அவர் உடம்பு கரைகிறது, என் உடம்பு ஊறுகிறது. யாரிடம் போய் முறையிடுவது?

என் வீட்டுக்காரர் சேகருக்கும் எனக்கும் கல்யாணம் ஆன நாளிலிருந்து மற்றப் பொருத்தமெல்லாம் எப்படியோ, உடல் பொருத்தம் அமோகமாக இருந்தது. இருவரும் சேர்ந்தே பருத்தோம். அவருக்கு சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. எனக்குச் செங்கல்பட்டில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை. சாயங்காலம் அவர் கம்பெனி பஸ்ஸைவிட்டு இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, தெருமுனையில் நாலு பஜ்ஜி கட்டிக்கொண்டு வருவார். நான் டீ போட்டு வைத்திருப்பேன். பேசிக்கொண்டே தின்போம். ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் கடற்கரைக்கு ஸ்கூட்டரில் போய் வறுத்த மீன். (ஸ்கூட்டர் பாவம். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.) யாராவது எங்களைப் பார்த்துச் சிரித்தால் இரண்டு பேரையும் சேர்த்துச் சிரித்தார்கள். அதனால் வலிக்கவில்லை.

அப்புறம் ஒருநாள் கம்பெனியில் எல்லாருக்கும் உடல் பரிசோதனை செய்தார்கள். வீட்டுக்கு வந்தவர், சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே, "டாக்டரு கொஞ்சம் எளைக்கச் சொல்றாரு வசந்தி" என்றார், கரண்ட் பில் வந்திருக்கிறது என்று சொல்கிற குரலில்.

"நானுந்தான் எளைக்கணும். ரெண்டு பேரும் சேந்தே எளைப்போம்" என்றேன். அப்போது எனக்கிருந்த உற்சாகத்தைப் பார்த்திருந்தால் நீங்களே ஒரு சுற்று இளைத்திருப்பீர்கள்.

நான் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆளில்லை. யூடியூபைத் திறந்தேன். காலையில் சுரைக்காய் ஜூஸ், பதினோரு மணிக்குச் சீரகத் தண்ணீர், மதியம் ஓட்ஸ் கஞ்சி. அதோடு, கூடத்தில் போனை டிவி மேஜையில் சாய்த்துவைத்து, அதில் வரும் ஒல்லிப் பெண் குதிப்பதைப் பார்த்து நானும் குதித்தேன். மூன்றாம் நாள் கீழ் வீட்டில் இருக்கும் வீட்டு ஓனர் மேலே ஏறி வந்து, "ஏம்மா, உள்ள மாவு மிஷின் எதுனா போட்டுக்கீறீங்களா? ஃபேன்லாம் ஆடுது" என்றார். அத்தோடு குதிப்பது நின்றது. பகலெல்லாம் பட்டினி கிடந்தவள் சாயங்காலம் வந்ததும் முறுக்கு டப்பாவைத் திறந்தால், அடி தெரிகிறவரை மூட மனசு வராது. இது எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த விஷயம். யூடியூபில் மட்டும் யாரும் சொல்வதில்லை.

அவர் என்ன செய்தார் தெரியுமா? ஒன்றுமே செய்யவில்லை! டீயில் சர்க்கரையை நிறுத்தினார். இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்வதை நிறுத்தினார். பஜ்ஜிக் கடையைத் தாண்டி வர ஆரம்பித்தார். ஷேர் ஆட்டோவை விட்டு, பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்தே வந்தார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் கொளவாய் ஏரிப் பக்கம் ஒரு நடை போய்விட்டு வந்தார். அவ்வளவுதான். இதற்குப் போய் ஓர் உடம்பு இளைக்குமா? இளைத்தது. முதலில் முகம். அப்புறம் தொப்பை. அப்புறம் பேன்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் புது ஓட்டை போட ஆணியைத் தேடினார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். எவ்வளவு பெரிய மனசு பாருங்கள்.

அவருடைய பழைய சட்டைகள் தொளதொளவென்று ஆகிவிட்டன. பழைய துணிக்காரருக்குப் போடலாம் என்று எடுத்துவைத்தார். வீட்டில் போட்டுக்கொள்ளலாமே என்று ஒன்றை நான் போட்டுப் பார்த்தேன். அளவெடுத்துத் தைத்த மாதிரி கச்சிதமாக இருந்தது. அன்றைக்குத்தான் எனக்குள் அந்த நெருப்பு பற்றிக்கொண்டது.

ஊர் வாயில் விழாமல் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "அண்ணன் இன்னா இப்டி எளைச்சிட்டாரு! சரியா சோறு போடறதில்லியா நீ?" என்று ஒருத்தி கேட்டாள். "அவரு பங்கையும் சேத்து நீயே சாப்டுறியா?" என்று இன்னொருத்தி. அவர் இளைத்ததற்கும் நான்தான் பொறுப்பு, நான் இளைக்காததற்கும் நான்தான் பொறுப்பு. சாயங்காலம் டீ குடிக்க உட்கார்ந்தால் எதிரே நாற்காலி காலி. அவர் ஏரிக்கரையில் வீசி வீசி நடந்துகொண்டிருப்பார். தனியாகத் தின்கிற முறுக்கில் உப்பு அதிகமாகத் தெரிகிறது என்பதை அப்போதுதான் கண்டுபிடித்தேன்.

ஆகவே, நான் சதியில் இறங்கினேன்.

அவர் மதியத்துக்குச் சப்பாத்திதான் கொண்டுபோவார். மாவு பிசையும்போது தாராளமாக நெய் விட்டேன். வெளியே தெரியாது, உள்ளே மெத்தென்று இருக்கும். குருமாவில் முந்திரியை அரைத்து ஊற்றினேன். காய்கறி நிறைய, எண்ணெய் கம்மி என்று முகத்தில் சாந்தம் வழியச் சொல்லி டப்பாவைக் கையில் கொடுப்பேன். தினமும் டப்பா கழுவினாற்போலக் காலியாகத் திரும்பி வரும். மனசுக்குள் ஒரு குதி குதிப்பேன். (இந்தக் குதிக்கு மட்டும் ஃபேன் ஆடாது.) ஆனால் மனிதர் மேலும் மேலும் இளைத்துக்கொண்டே போனார். நெய்க்கே துரோக புத்தி வந்துவிட்டதோ என்று பிராண்டை மாற்றிக்கூடப் பார்த்தேன்.

இந்த நிலையில்தான் என் நாத்தனார் மல்லிகாவின் பெண் திவ்யாவுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. மல்லிகா என் வீட்டுக்காரருக்குத் தங்கை. மாமல்லபுரத்தில் அவள் வீட்டுக்காரர் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். அங்கேயே, கடற்கரைச் சாலையில் ஒரு மண்டபத்தில் விசேஷம். தாய்மாமன் என்பதால் எங்களுக்கு முதல் மரியாதை. நானும் பட்டுப் புடவையில், மூச்சைப் பாதி மட்டும் விட்டுக்கொண்டு மேடை ஏறினேன்.

போட்டோகிராஃபர் ஒரு கலகலப்பான ஆசாமி. கேமராவை ஒரு கண்ணில் வைத்துக்கொண்டு, "அண்ணி, கொஞ்சம் சைடு வாங்க" என்றார். வந்தேன்.

"இன்னும் கொஞ்சம் அண்ணி."

நகர்ந்தேன்.

"இன்னும் லைட்டா... அண்ணன் தெரியல அண்ணி!"

மண்டபமே சிரித்தது. மாப்பிள்ளையின் அம்மா வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு சிரித்தார். என் வீட்டுக்காரரும் சிரித்தார். அதுதான் உறைத்தது. முன்பெல்லாம் இந்த மாதிரிச் சிரிப்பில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு பக்கம் நிற்போம். இப்போது அவர் அந்தப் பக்கம் போய்விட்டார்.

அந்த நிமிஷம் சபதம் எடுத்தேன். விருந்தில் உட்காரவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலையில் மல்லிகா வீட்டில் எல்லாரும் பொங்கலும் வடையும் மொக்கிக்கொண்டிருந்தபோது, ஒரு டம்ளர் சீரகத் தண்ணீரைக் குடித்துவிட்டு, தியாகி மாதிரி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். வடை வாசனை அந்தச் சுவர் வழியாகக்கூட வந்தது.

நல்ல காரியம் முடிந்த கையோடு திருக்கழுக்குன்றம் மலை ஏறிச் சாமி கும்பிட்டுவிட்டு ஊர் திரும்புவது என்று ஏற்பாடு. சேகரோடு வேலை செய்கிற முருகேசன் தன் ஆம்னி வண்டியைக் கொண்டுவந்திருந்தார். முன்பெல்லாம் ஊதினால் பறந்துவிடுவார் போல இருந்த மனிதர். இப்போது தொப்பை ஸ்டியரிங்கைத் தொட்டுக்கொண்டிருந்தது.

வண்டி ஊரைத் தாண்டியதும் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "அண்ணி, உங்க கைக்குத் தங்கத்துல காப்புதான் போடணும். அந்தச் சப்பாத்தி கீதே, அப்டியே பஞ்சு மாரி! அந்தக் குருமா... டெய்லி பன்னண்டு மணி ஆனா எனக்கு வாயில எச்சி ஊறும்."

"எந்தச் சப்பாத்தி?" என்றேன்.

"அண்ணன் எடுத்தாற டப்பாதான். அவரு எங்க துன்றாரு? 'இந்தா முருகேசா'ன்னு எங்கிட்ட தள்ளிட்டு, கேன்டீன்ல சுண்டலும் மோரும் வாங்கி வெச்சிகினு குந்திப்பாரு. எனக்குப் பேன்ட்டெல்லாம் டைட்டாயிடிச்சி அண்ணி!"

திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் வழியாக வயலைப் பார்த்தார். அத்தனை நெய்யும், அத்தனை முந்திரியும், அத்தனை சூழ்ச்சியும் முருகேசனின் இடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. வயிற்றில் ஒன்றுமில்லாத எனக்கு அந்தக் காட்சியைப் பார்க்கவே தலை சுற்றியது.

மலை அடிவாரத்தில் இறங்கினோம். ஐந்நூற்றுச் சொச்சம் படி, செங்குத்தாக. அந்தக் காலத்தில் உச்சி வேளைக்கு இரண்டு கழுகுகள் வந்து குருக்கள் கையில் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போகுமாம். இப்போது வருவதில்லை. யாராவது டயட் சொல்லியிருப்பார்கள்.

மல்லிகா என்னை மேலும் கீழும் பார்த்தாள். கெட்ட எண்ணம் உள்ளவளில்லை. நல்ல எண்ணத்தில் சொல்வதுதான் அவளிடம் கஷ்டம். "அண்ணி, உங்களால முடியாது. நீங்க கீழயே குந்திக்கினு எங்க செருப்பெல்லாம் பாத்துக்குங்க. எங்கண்ணன் இப்போ கல்யாணத்துக்கு முன்னாடி இருந்த மாரி ஆயிட்டான், அவன் ஒரே ஓட்டமா ஏறிடுவான்."

கல்யாணத்துக்கு முன்னாடி! அதாவது நான் வருவதற்கு முன்னாடி. ஆக, அவர் உடம்பிலிருந்து கழிந்ததெல்லாம் நான்தான் என்று ஆகிறது.

"யாரால முடியாது?" என்று புடவையை இழுத்துச் செருகினேன். "நீங்கல்லாம் மெதுவா வாங்க."

ஏறினேன். முதல் ஐம்பது படி கோபமே ஏற்றிவிட்டது. அடுத்த ஐம்பது படிக்கு மானம் கைகொடுத்தது. அதற்கப்புறம் கால் மட்டும்தான் மிச்சம், அதுவும் யாருடைய காலோ மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே வந்து, மூச்சு வாங்காமல், "மெதுவா ஏறு வசந்தி, இன்னா அவசரம்?" என்றார். அவருக்கு மூச்சு வாங்காததே எனக்கு மூச்சு முட்டக் காரணமாக இருந்தது. பதில் சொல்லாமல் இன்னும் வேகமாக ஏறினேன். பின்னால் மல்லிகா, அவள் வீட்டுக்காரர், திவ்யா, முருகேசன். எல்லாரையும்விட நான் முன்னால்! அந்த ஒரு நிமிஷம் எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா?

பாதி மலையில் படிகள் கருப்பாயின. அப்புறம் மஞ்சளாயின. அப்புறம் காணாமல் போயின.

கண் திறந்தபோது படியோரக் கல் மண்டபத்து நிழலில், என் வீட்டுக்காரர் மடியில் தலை வைத்திருந்தேன். முகத்தில் தண்ணீர். அவர் முகம் வெளுத்திருந்தது. எதிரே, காவி வேட்டியை மடித்துக் கட்டிய இரண்டு பேர் என்னைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் மூங்கில் கழியில் கட்டின ஒரு நாற்காலி. ஏற முடியாத வயசானவர்களைத் தூக்கிக்கொண்டு போகிற டோலி.

மூத்தவர் என்னைக் கண்ணாலேயே அளந்தார். ஒரு தடவை அளந்து நம்பிக்கை வராமல் மறுபடி அளந்தார். பிறகு கீழே பார்த்துக் கூவினார்: "டேய் ஏழுமல! இன்னும் ரெண்டு பேர இட்டாடா! தோள் துண்டு எடுத்துகினு வா!"

நான்கு பேர் கூடினார்கள். "இன்னாம்மா, மேலயா கீழயா?" என்றார் மூத்தவர்.

"கீழே போலாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

அப்போதுதான் படி திருப்பத்தில் மல்லிகாவின் தலை தெரிந்தது. நாக்கு தள்ள, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி வந்துகொண்டிருந்தாள்.

"மேலே" என்றேன் நான்.

தூக்கினார்கள். "ஏய் ஏலேய்" என்று ஒரு குரல், "பாத்து, பாத்து, வலப்பக்கம் சாயுது" என்று இன்னொரு குரல். வலப்பக்கம் சாய்ந்தது நான்தான். மேலே போகப் போக வெயில் ஏறியது. என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே ஓடிவந்து குடையை விரித்து என் தலைக்கு மேல் பிடித்தார். நாலு பேர் தூக்க, ஒருவர் குடை பிடிக்க, பட்டுப் புடவையில் நான். எதிரே இறங்கிவந்த ஒரு அம்மாள் ஒதுங்கி நின்று, கன்னத்தில் போட்டுக்கொண்டு, கை கூப்பினார். நான் என்ன செய்வது? தூக்கத்திலிருந்து எழுந்த சாமி மாதிரி கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்துவிட்டேன். சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை. பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைக்குமா என்றுதான் கையைத் தூக்கினேன்.

சரியாக அந்த நேரத்தில் கிளிக் என்று சத்தம். திவ்யாவைக் கோயில் பின்னணியில் எடுப்பதற்காக அந்தக் கலகலப்பான போட்டோகிராஃபரும் மலை ஏறியிருந்தார். "சூப்பர் அண்ணி! இந்தத் தடவ அண்ணன் நல்லாத் தெரியறாரு!"

உச்சிக்கு நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். நியாயமாகப் பார்த்தால் போட்டியில் ஜெயித்தது நான். தூக்கிவந்தவர்கள் துண்டை உதறிக்கொண்டு உட்கார்ந்தார்கள். இளையவன் மூத்தவரிடம், "அண்ணாத்த, இன்னிக்கி இத்தோட போதும்" என்றது என் காதில் விழுந்தது. விழாத மாதிரி கோபுரத்தைப் பார்த்தேன்.

மற்றவர்கள் வரும்வரை நாங்கள் இரண்டு பேரும் நிழலில் உட்கார்ந்தோம். கீழே குளம், பெரிய கோயில் கோபுரங்கள், அப்புறம் வயல். அவர் பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து உரித்துக் கொடுத்தார். சாப்பிட்டேன். இன்னொன்று கொடுத்தார். அதையும் சாப்பிட்டேன். வயிற்றில் ஏதோ விழுந்ததும் வாய் திறந்துகொண்டது.

"நீங்க எளைச்சது எனக்குப் புடிக்கல" என்றேன்.

"தெரியும். நெய் வாசனயிலயே தெரிஞ்சிதே."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவ. முருகேசன் பாவம்ல?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் விக்கல் வரும். அவர் முதுகைத் தடவிவிட்டார். அப்புறம் குளத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"அன்னிக்கி டாக்டரு எளைக்கச் சொன்னாருன்னு மட்டுந்தான் உங்கிட்ட சொன்னேன். இதயத்தப் பத்தியும் கொஞ்சம் சொன்னாரு. எங்கப்பா என் வயசுலதான் போனாரு. நெனச்சா பயமா இருந்திச்சி. உங்கிட்ட சொன்னா நீயும் பயந்துக்குவ. அதான் நடந்துகினே இருந்தேன்."

பொறாமையில் வெந்துகொண்டு நான் இவருக்கு நெய்யாக ஊட்டியிருக்கிறேன். அந்த மனிதர் பயத்தில் நடந்திருக்கிறார். முருகேசனின் வயிற்றுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

"தனியா நடக்கறது போர் அடிக்குது வசந்தி. நீயும் வந்தா பேசிக்கினே நடக்கலாம்" என்றார்.

"ஏன் முன்னாடியே கூப்புடல?"

"கூப்புட்டேனே. நீதான் சுரக்கா ஜூஸ் குடிச்சிட்டு மொறச்ச."

அதற்குள் மல்லிகா வந்து சேர்ந்தாள். தூணைப் பிடித்துக்கொண்டு, பேச்சு வராமல், டோலியைக் கையால் காட்டி, "அண்ணி... எறங்கும்போது... எனக்கும் சொல்லி வையுங்க" என்றாள். என் வாழ்நாளில் நாத்தனார் வாயிலிருந்து இவ்வளவு இனிமையான வாசகம் வந்ததில்லை.

மறுநாள் முதல் ஏரிக்கரைக்கு நானும் போனேன். முதல் வாரம் பாதி வழியில் உட்கார்ந்தேன். அப்புறம் உட்காரவில்லை. ஜூஸ், கஞ்சி எல்லாவற்றையும் மூட்டை கட்டினேன். டீயில் சர்க்கரை இல்லை, தட்டில் ஒரு கரண்டி சோறு கம்மி, காலையில் வயிறாரச் சாப்பாடு. முறுக்கு டப்பா இருக்கிறது, ஆனால் இரண்டு பேரும் இருந்தால்தான் திறப்பது என்று ஒப்பந்தம். நானும் இளைத்தேன். அவர் அளவுக்கு இல்லை. அதில் எனக்கு இன்னமும் கொஞ்சம் புகைச்சல் உண்டு. நடக்கும்போது அவர் அரையடி முன்னால் போனால் சட்டையைப் பிடித்து இழுத்துவிடுவேன்.

ஆனால் அந்த போட்டோ அப்படி லேசில் விடவில்லை. நிச்சயதார்த்தப் படங்களோடு சேர்ந்து மாப்பிள்ளை வீட்டு வாட்ஸப் குழுவுக்குப் போய்விட்டது. "இந்தச் சாமியாரம்மா யாரு, எந்த மடம்?" என்று மாப்பிள்ளையின் பெரியப்பா கேட்டாராம். யாரோ "டோலி அத்தை" என்று பதில் போட்டிருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் பாதிப் பேர் அதை என் பெயர் என்றே நம்பிவிட்டார்கள். மாப்பிள்ளையின் தம்பி கல்யாணப் பத்திரிகை எங்கள் வீட்டுக்கு வந்தபோது மேலே அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது: திரு. சேகர், திருமதி டோலி.

இப்போது திவ்யாவுக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறது, பேச ஆரம்பித்துவிட்டது. போன மாதம் மாமல்லபுரம் போயிருந்தபோது வாசலிலேயே ஓடி வந்தது. அம்மா கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, முறைக்குத் தாத்தாவாக வேண்டிய என் வீட்டுக்காரரைக் கட்டிக்கொண்டு, "மாமா!" என்றது. அவர் வயிற்றை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டு ஒரு கல்லூரிப் பையன் மாதிரி நின்றார்.

அப்புறம் என் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் மேலே நீட்டி, தூக்கச் சொல்லிச் சிரித்தது.

"டோலிப் பாட்டி!"